புதுப்பிப்பு: காரைக்குடியில் இருந்தபடி விமான மாடல் கட்ட என்னென்ன வேண்டும்?

ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானத்தின் 1/72 அளவு (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட்டை ஒட்டிக் கட்ட என்ன சாமான் வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிக்கு மேல் காரைக்குடியிலேயே கிடைத்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் தேய்த்து வழவழப்பாக்க 400 முதல் 2000 நம்பர் வரை வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), எலக்ட்ரிக்கல் கடையில் பாகங்களை வெட்டியெடுக்க சைடு கட்டர். ஆன்லைனில் வாங்கியது மெல்லிய மாடல் பசை மட்டும். அது பிளாஸ்டிக்கையே இளக்கி இணைக்கிறது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், தானாக உள்ளே ஓடிவிடும். விமானியின் கண்ணாடி மூடிக்கு மட்டும் ஃபெவிகால். சூப்பர் குளூ வைத்தால் ஆவி வெள்ளையாகப் படியும்.

பெயிண்ட் ஸ்ப்ரே அடிப்பது வளவில்தான் (வீட்டின் திறந்த நடுமுற்றம்). ஆனால் உச்சி வெயிலில் வேண்டாம், பெயிண்ட் பறக்கும்போதே காய்ந்து சொரசொரப்பாகிறது.

அப்புறம், கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாட்டில் பொடிப் பாகம் விழுந்தால், அப்பத்தாவின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கித்தான் தேட வேண்டும்.