கல்லெழுத்தும் தகரப் பெட்டியும்: துருக்கிப் பயணத்தில் மனதில் தங்கியவர்கள்

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை

ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் பேசிக்கொண்டோம், ஆளுக்கு ஒரு சந்திப்பையாவது எழுதிப் பகிர்வது என்று. ஒரு மாதம் ஓடிவிட்டது, யாரும் ஆரம்பிக்கவில்லை. சரி, நானே ஆரம்பிக்கிறேன். பலூன், பாமுக்கலே, எபேசஸ் எல்லாம் எல்லோருடைய போனிலும் படமாக இருக்கிறது. படத்தில் வராத ஒன்றைத்தான் எழுத நினைக்கிறேன்.

இஸ்தான்புல்லில் இரண்டாம் நாள். காலையில் ஹாகியா சோபியா. 537இல் ஜஸ்டினியன் காலத்தில் தேவாலயம், 1453இல் மசூதி, 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மறுபடி மசூதி. வாசலில் நிற்கும்போதே வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லி முடித்துவிட்டார். வெளிநாட்டுப் பயணிகளை மேல்மாடத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். அங்கே பளிங்குக் கைப்பிடிச் சுவரில் ஏதோ கீறல். எந்தக் காலத்திலோ வட ஐரோப்பாவிலிருந்து வந்த வைக்கிங் ஒருவன் தன் பழைய ரூனிக் எழுத்தில் கீறிவைத்தது. ஹால்ஃப்தான் என்ற பெயர்தான் அதில் தெளிவாகப் படிக்க முடிகிறதாம். இத்தனை நூற்றாண்டு கழித்தும் ஒருவன் பெயர் படிக்கக் கிடைக்கிறதே என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அன்று மதியம் நடக்கப்போவது எனக்கு அப்போது தெரியாது.

திவான்யோலு என்ற தெருவில் டிராம் ஓடுகிறது. அதை ஒட்டியே சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் அடக்கத்தலமும், அதைச் சுற்றிப் பழைய கல்லறைகளும் இருக்கின்றன. வழியில் ஐந்து நிமிடம் நிழலுக்காக நின்றோம், அவ்வளவுதான். ஆள் உயரக் கற்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வடிவம். சிலவற்றில் தலைப்பாகை, சிலவற்றில் குஞ்சம் வைத்த ஃபெஸ் தொப்பி. அந்தத் தொப்பியை அரசாங்க உடையாகக் கொண்டுவந்தவரே இந்த மஹ்மூத்தான். பிறகு 1925இல் சட்டம் போட்டு அதே தொப்பியைத் தடை செய்துவிட்டார்கள். இப்போது கல்லில்தான் பார்க்கலாம். பெண்களின் கற்களில் பூ.

பூ செதுக்கிய ஒரு கல்லைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். ஊரில் கோயிலுக்குப் போனாலும் கல்வெட்டு முன்னால் நின்றுவிடுவேன், அந்தப் பழக்கம். அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர், அரசு உரிமம் வாங்கிய வழிகாட்டி, பிறந்து வளர்ந்ததே அந்த ஊரில்தான். "மொழி என்னுடையதுதான். எழுத்துத்தான் தெரியாது."

அப்போதுதான் நம் கீழக்கரை லாத்தா (அக்கா) முன்னால் வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கல்லுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், ஓதுவது போல எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார். மேல் வரி அவருக்கு உடனே புரிந்தது: ஹுவல் பாகீ, நிலைத்திருப்பவன் அவன் ஒருவனே. அடுத்த வரியில் "மர்ஹூமா" என்று படித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இது நம்ம சொல்லுதாங்க. எங்க ஊர்க் கல்யாணப் பத்திரிகையில, மவுத்தானவங்க பேருக்கு முன்னாடி மர்ஹூம்னு போடுவோமே." அதற்குக் கீழே ஓர் எழுத்துக்கூட்டம். "காவா, கா... கானம்?" என்று தடுமாறினார்.

"ஹானம்!" என்றார் வழிகாட்டி. கிட்டத்தட்டக் கத்தினார் என்றே சொல்லலாம். "ஹானம் என்றால் அம்மையார். இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்!"

அப்புறம் இருவருமே நிறுத்தவில்லை. லாத்தாவுக்கு எழுத்து தெரியும், துருக்கி தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் துருக்கி தெரியும், எழுத்து தெரியாது. லாத்தா ஒலியைச் சொல்ல, அவர் அதில் சொல்லைத் தேடிப் பிடித்தார். பாதிதான் பிடிபட்டது. கடைசி வரி இருவருக்குமே தெரிந்தது: ஆன்மாவுக்காக ஃபாத்திஹா, குர்ஆனின் முதல் அத்தியாயம். அடியில் ஹிஜ்ரி 1298, அதாவது 1881 வாக்கில். லாத்தா கையேந்தி ஓதினார். தலையில் துணியில்லாமல் ஜீன்ஸ் போட்டிருந்த அந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்று கையேந்தினார். பின்னால் டிராம் மணியடித்துக்கொண்டு போனது.

மாலையில் பேருந்தில் வழிகாட்டி தன் வீட்டுக் கதையைச் சொன்னார். பாட்டி வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதாம். உள்ளே கொள்ளுத்தாத்தா எழுதிய கடிதங்கள். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது, அதனால் யாரும் தூக்கிப் போடவுமில்லை. 1928 நவம்பர் 1 அன்று சட்டம் வந்தது. அரபி எழுத்து போய் லத்தீன் எழுத்து. டிசம்பரில் செய்தித்தாள்கள் மாறின, ஜனவரியில் எல்லாமே மாறிவிட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் தாமே கரும்பலகை முன் நின்று ஊர் ஊராகப் புதிய எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். வளர்ந்தவர்களுக்கும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அந்த எழுத்து வந்ததால்தான் தன் பாட்டியே படித்தார் என்று அந்தப் பெண் உறுதியாகச் சொன்னார். அதாதுர்க் மேல் அவருக்கு இருக்கும் அன்பை மறுநாள் கண்ணால் பார்த்தோம். ஆனால் அந்தப் பெட்டியும் அங்கேயே இருக்கிறது.

நாமும் எழுத்தைத் திருத்தியிருக்கிறோம். 1978இல் தும்பிக்கை வைத்த லை, ணை எல்லாம் மாறின. ஆனால் என் அப்பாவின் பழைய கடிதத்தை என் பேத்தி கொஞ்சம் முயன்றால் படித்துவிடுவாள். இது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அந்தப் பேருந்தில்தான் எனக்கு உறைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. துருக்கியில் "கெலியோரும்" என்றால் "வருகிறேன்". கெல் என்பது வா. இயோர் நிகழ்காலம் காட்டுகிறது. உம் என்பது நம் "ஏன்" விகுதி. பகுதி, இடைநிலை, விகுதி! பகுபத உறுப்பிலக்கணம் முப்பது வருடம் நடத்தியவள் நான். பேருந்திலேயே ஒரு தாளில் பிரித்து எழுதிக் காட்டினேன். "எவ்லெரிமிஸ்தென்" என்றால் "எங்கள் வீடுகளிலிருந்து". எவ் வீடு, லெர் கள், இமிஸ் எங்கள், தென் இலிருந்து. வினை கடைசியில் வருவதும் நம்மைப் போலத்தான். உறவு மொழிகள் என்று நான் சொல்லவில்லை. அம்மாவை அவர்கள் "அன்னெ" என்பதும் தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாளை அவர் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கோயம்புத்தூர், அப்பாவுடன் வந்தவன்

டீச்சர் "மறுநாள் பார்த்தோம்" என்று ஒரே வரியில் விட்டுவிட்டார். எனக்கு முன்சீட்டு, அதனால் அதை நான் எழுதுகிறேன்.

நவம்பர் 10. அங்காராவுக்கு விடியுமுன்னே கிளம்பிவிட்டோம். போலு மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டுநர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். அறுபது வயதுக்காரர், அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார், இறங்கினார். பஞ்சர் என்று நினைத்து நானும் இறங்கினேன். முன்னால் ஒரு லாரி நின்றது. எதிர்ப்பக்கம் கார்கள் வரிசையாக நின்றன. எங்கோ கீழே இருந்த ஊரிலிருந்து சங்கு ஊதும் சத்தம், நீளமாக. மணி 9.05.

1938இல் அதாதுர்க் இஸ்தான்புல்லின் டோல்மாபாஹ்செ அரண்மனையில் இறந்த நேரம் அது. முந்தின நாள்தான் அந்த அறையில் 9.05இல் நிறுத்தி வைத்த கடிகாரத்தைப் பார்த்திருந்தோம். அப்போது எனக்கு அது வெறும் கடிகாரம். நெடுஞ்சாலையில் அந்த மனிதர் கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, குளிரில் கண்ணிமைக்காமல் நின்றபோது அது வேறாகிவிட்டது. வழிகாட்டி அக்காவின் கன்னத்தில் நீர் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. என் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சங்கு ஓய்ந்ததும் எல்லா வண்டியும் கிளம்பின. ஓட்டுநர் ஏறுவதற்கு முன் எலுமிச்சை வாசனைக் கொலோனியா பாட்டிலை எடுத்து எங்கள் எல்லோருடைய கையிலும் கொஞ்சம் ஊற்றினார். அப்பாவிடம் வந்தபோது மட்டும் அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு அங்காராவில் அதாதுர்க் நினைவிடத்தையும் பார்த்தோம். அவ்வளவு கூட்டம், பூ வைத்த குழந்தைகள், மிகப் பெரிய மண்டபம். எனக்கென்னவோ அந்தச் சாலையோரம்தான் நினைவில் நிற்கிறது.

ஆரணி, பட்டு நெசவு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளவும்.

முதலில் ஒரு வருத்தம். "கம்பளக் கலை பார்வையிடல்" என்று நிரலில் போட்டு நம்மை ஒரு கடைக்குக் கூட்டிப்போனார்கள். பட்டறையில் இருபது நிமிடம், விற்பனை அறையில் ஒன்றரை மணி நேரம். கதவுப்பக்கம் நின்றவர்களைக்கூட விடாமல் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். நம் குழுவின் வயதான தம்பதி சங்கடப்பட்டே ஒன்றை வாங்கினார்கள். கலையை மதிக்கிறவர்கள் அப்படி நடத்த மாட்டார்கள். அடுத்து போகிறவர்கள் நிரலில் இந்த மாதிரிக் கடைகள் எத்தனை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த இருபது நிமிடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெந்நீரில் பட்டுக்கூடுகள் மிதந்தன. ஒருவர் சின்னத் துடைப்பத்தால் தொட்டுத் தூக்கினார், இழைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. அந்த வாசனை வந்ததும் எனக்கு ஊர் நினைவு. பக்கத்தில் ஓர் அம்மா தறியில் இருந்தார். நம் தறி படுத்திருக்கும், அவர்களுடையது நிற்கிறது. பாவு, அதாவது நீள இழை, மேலிருந்து கீழே. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா இல்லை. இரண்டு பாவு இழையைச் சேர்த்துப் பிடித்து, நூலைச் சுற்றி, நடுவில் இழுத்து, கத்தியால் ஒரு வெட்டு. ஒரு வரிசை முடிச்சு முடிந்தால் குறுக்கு இழையான ஊடை விட்டு, கனமான சீப்பால் அடித்து இறுக்குகிறார். பட்டில் மிக நுணுக்கமான வேலை என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு முடிச்சு வரும். பத்துக்குப் பத்து. என் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் முடிச்சு.

அவர் ஆட்காட்டி விரலின் ஓரத்தில் காய்ப்பு இருந்தது. நான் என் விரலைக் காட்டினேன். அவர் பார்த்தார், தொட்டும் பார்த்தார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து பலகையில் இடம் விட்டார். வாய்ப்பேச்சு எதுவும் கிடையாது, இருவருக்கும் பொது மொழி இல்லை. சிவப்பு நூலை என் கையில் கொடுத்தார். முதல் முடிச்சு நழுவியது. என் விரலைப் பிடித்து நூலைக் கீழ்ப்பக்கமாக இழுக்கவைத்தார். இரண்டாவது நின்றது. அதைப் பிரித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிரிக்கவில்லை. சீப்பை எடுத்து அதன் மேலேயே அடித்தார். அந்தக் கம்பளத்தில் என் முடிச்சு ஒன்று இருக்கிறது.

கீழக்கரை, லாத்தா

டீச்சர் என்னைப் பெரிதாக எழுதிவிட்டார்கள். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.

அந்தக் கல்லைப் படிக்கும்போது எனக்கு எங்கள் உம்மம்மா (அம்மாவின் அம்மா) நினைவுதான். அவர்கள் தமிழ் எழுத்து படித்ததில்லை. ஆனால் அரபுத் தமிழ் படிப்பார்கள், எழுதுவார்கள். பேச்சு தமிழ், எழுத்து அரபி. ப, ள, ழ போன்றவற்றுக்கு அரபியில் எழுத்து இல்லாததால் புள்ளி சேர்த்துத் தனி எழுத்து உண்டாக்கினார்கள். எங்கள் ஊர் மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அப்படி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். துருக்கிக்காரர்களும் அதே மாதிரி புள்ளி சேர்த்திருக்கிறார்கள் என்று அந்தக் கல்லில் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. உம்மம்மாவின் புத்தகங்கள் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. என் பிள்ளைகளுக்குப் படிக்க வராது. அந்தப் பெண் தகரப் பெட்டி என்று சொன்னபோது நான் ஒன்றும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

கொன்யாவில் சூஃபிக் கவிஞர் மௌலானா ரூமியின் அடக்கத்தலத்தில் எல்லோரும் பச்சைக் கூம்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வழிகாட்டிப் பெண் என்னிடம் வந்து என் எண்ணை வாங்கிக்கொண்டார்.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். பெட்டியிலிருந்து ஒரு கடிதம். கொள்ளுத்தாத்தா இளம் வயதில் பட்டாளத்திலிருந்து எழுதியதாம். கல்லெழுத்து போல இல்லை, வேகமான கையெழுத்து. இரண்டு புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடுதான் இழுத்திருக்கிறார். பரணிலிருந்து உம்மம்மாவின் புத்தகத்தை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்தேன். மேலே முதல் சொல் "வாலிதெ" என்று பிடிபட்டது. பெற்றோருக்காகக் கேட்கும் துஆவில் தினமும் வரும் சொல், தாய். அதற்கடுத்து சலாம். இன்னும் இரண்டு மூன்று சொற்கள் ஒலியாக மட்டும் வருகின்றன, பொருள் தெரியவில்லை. அத்தனையையும் நிதானமாக ஓதிக் குரல்பதிவாக அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருந்தது. நான் ஓதியதை அவருடைய அம்மா திரும்பத் திரும்பக் கேட்டு, விட்டுப்போன சொல்லைத் தம் வாயால் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்: "எல்லெரின்தென்." எல் என்றால் கையாம். டீச்சர் பேருந்தில் பிரித்துக் காட்டியது போலப் பிரித்துப் பார்த்தேன். கை, கள், உன், இலிருந்து. உன் கைகளில் முத்தமிடுகிறேன் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறார்.

முதல் வரி முடிந்தது. இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது.