வி-கிராஸ் 2.5 டீசல் வண்டிக்குப் பெரிய டர்போ பொருத்தலாமா?

கே.ஆர்.புரம் வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 2017இல் வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இதுவரை 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் இருமுறை பெங்களூருவிலிருந்து ஓமலூர் அருகே இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போய், திரும்பும்போது பின்தொட்டியில் தேங்காய் ஏற்றி வருகிறேன். முன்பெல்லாம் தொப்பூர் கணவாயை நான்காம் கியரிலேயே ஏறிவிடும் வண்டி, கடந்த ஆறு மாதங்களாக மூன்றாம் கியரிலும் திணறுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கரும்புகைதான் வருகிறது.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். பெங்களூரு உயரமான ஊர், காற்று அடர்த்தி குறைவு, கம்பெனி டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போதாது என்றார்கள். காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம் பெரிதாக உள்ள ஹைப்ரிட் டர்போவும், இசியூ எனும் எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றும் ரீமேப்பும் சேர்த்து ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய் ஆகும், 180 குதிரைத்திறன் வரை கிடைக்கும் என்றும் சொன்னார்கள். இழுவையைக் கூட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கும் நெடுநாளாக உண்டு. செய்தவர்கள் சொல்லுங்கள்.

பீன்யா டீசல் (பதில்):

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். தொப்பூர் பெங்களூருவைவிட வெகுவாகத் தாழ்ந்த இடம்; அங்கே காற்று இங்கிருப்பதைவிட அடர்த்தியாகத்தான் இருக்கும். உயரம்தான் காரணம் என்றால் வண்டி இங்கே திணறி அங்கே நன்றாக இழுக்க வேண்டும். மேலும், இதே டர்போவோடு இதே ஏற்றத்தை ஏழெட்டு ஆண்டுகளாக ஏறிய வண்டி இது. டர்போ சிறியதாக இருப்பது கோளாறு அன்று. ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது.

இழுவை குறைந்து கரும்புகை வருகிறது என்றால், டீசல் போதுமான அளவு போகிறது, காற்று போகவில்லை என்று பொருள். முதலில் டர்போவுக்கும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலான ஹோஸ்களைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது நன்றாகத் தெரியும் ஹோஸ், அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் பிளக்கும். ஆகவே உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, வெளியே சோப்புத் தண்ணீர் தடவித்தான் சோதிக்க வேண்டும். அடுத்தது டர்போவின் இதழ்கள். உங்கள் எஞ்சினில் இருப்பது இதழ்கள் திறந்து மூடும் வகை டர்போ. வெளியேறும் சூடான புகையின் நடுவிலேயே இருப்பதால், நகர நெரிசலில் ஊர்ந்து ஓடும் வண்டிகளில் கரி படிந்து அவை இறுகிவிடும். எஞ்சின் கணினியின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி, மூன்றாம் கியரில் சுமையோடு ஓட்டி, இசியூ கேட்கும் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) அளவும் உண்மையில் கிடைக்கும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, அதன் பிறகும் கூடுதல் திறன் வேண்டும் என்றால், உயரத்தைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1.01 பார் (அழுத்தத்தின் அலகு), பெங்களூருவில் சுமார் 0.91 பார். எஞ்சினுக்குள் மொத்தம் 2.5 பார் வேண்டுமென்றால், சென்னையில் காற்றை ஏறத்தாழ இரண்டரை மடங்கு அழுத்தினால் போதும். இங்கே இரண்டேமுக்கால் மடங்கு அழுத்த வேண்டும், அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஆகவே அந்தப் பட்டறையிடம் புதிய டர்போ எவ்வளவு காற்றை எத்தனை மடங்கு அழுத்தும் என்று காட்டும் வரைபடமான கம்ப்ரசர் மேப்பைக் கேளுங்கள். அதைக் காட்டத் தெரியாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். காற்று மட்டும் கூடினால் திறன் கூடாது, டீசலும் கூட வேண்டும். டீசல் கூடினால் வெப்பம் கூடும். டர்போவுக்கு முன்பாகப் புகை வெப்பமானி ஒன்று பொருத்தி, நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிலைத்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன்கள் அலுமினியக் கலவை, அதிக வெப்பத்தைத் தாங்காது என்பதை மறக்க வேண்டாம்.

எந்த டர்போ போட்டாலும் ஆயில் வரும் குழாயைப் புதிதாக மாற்றுங்கள். முதல் முறை எஞ்சினைக் கிளப்பும் முன் டர்போவுக்குள் ஆயில் ஊற்றி நிரப்புங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு, ஆயில் படலத்தின்மேல் மிதந்துதான் ஓடுகிறது.

ஓசூர் ரோடு (பதில்):

என் பிக்கப்பில் பெரிய டர்போ போட்டு ஒன்றரை ஆண்டு ஓட்டினேன். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் அருமையாக இருந்தது. ஆனால் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 2,200 சுற்றுக்குக் கீழே இருந்தால் உயிரே இல்லை. சில்க் போர்டு நெரிசலில் ஒவ்வொரு முறையும் கிளட்சை வழுக்கவிட்டுத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. எட்டாம் மாதம் கிளட்ச் தேய்ந்துபோயிற்று. கம்பெனி கிளட்ச் கம்பெனி முறுக்குவிசைக்காகச் செய்யப்பட்டது. அந்தச் செலவையும் பட்டறைக்காரர் சொன்ன தொகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அளவு டர்போவுக்கே நான் திரும்பிவிட்டேன்.

அல்சூர் நண்பர் (பதில்):

சட்டத்தையும் பாருங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. பழுதான டர்போவுக்குப் பதில் அதே டர்போவைப் போடுவதில் சிக்கல் இல்லை. திறனைக் கூட்டினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால், விபத்து நேரும் நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

கே.ஆர்.புரம் வாசி:

மூவருக்கும் நன்றி. வேறொரு மெக்கானிக்கிடம் காற்றழுத்தச் சோதனை செய்தேன். இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில், கிளாம்ப்புக்கு அடியில், விரல் நீளத்துக்கு ஒரு பிளவு இருந்தது. கையால் தடவியும் தெரியாமல் இருந்த பிளவு அது. இதழ்களிலும் கரி இருந்ததால் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயில் குழாயையும் மாற்றினோம். மொத்தச் செலவு பதினெட்டாயிரம் ரூபாய். சென்ற ஞாயிறு தேங்காய்ச் சுமையோடு தொப்பூரை நான்காம் கியரில் ஏறினேன், புகை இல்லை. ஹைப்ரிட் டர்போவுக்கு எடுத்துவைத்த பணத்தில் இப்போதைக்கு வெப்பமானி மட்டும் வாங்குகிறேன்.