ரஷ்ய, உக்ரைன் தக்காளி ரகங்கள்: விதை போட்டு வளர்த்தவர்களின் அனுபவங்கள்

வின்னிட்சாவில் படித்தவர், இப்போது ஜெர்மனி

ரஷ்ய, உக்ரைன் தக்காளிகளை விதையிலிருந்து வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

உக்ரைனில் வின்னிட்சா நகரத்தில்தான் மருத்துவம் படித்தேன். கடைசி வருடங்களில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு தாச்சா இருந்தது, கோடைக்காலத்துக்கு மட்டும் போய் இருக்கும் சின்ன வீடும் தோட்டமும். மார்ச் பிறந்துவிட்டால் நகர வீட்டின் ஜன்னல் விளிம்பு முழுக்கத் தக்காளி நாற்றுதான். விதையைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, நன்றாக அலசிவிட்டு விதைப்பார். விதையிலைக்கு மேலே இரண்டு இலை விட்டதும் ஒவ்வொன்றாக எடுத்து, ஆணிவேர் நுனியைக் கிள்ளிவிட்டு, விதையிலை வரைக்கும் மண்ணில் புதையும்படி காலித் தயிர் டப்பாக்களில் நடுவார். நுனியைக் கிள்ளினால் பக்க வேர் நிறைய விடும் என்பது அங்கே எல்லாரும் நம்பும் பழக்கம். தாச்சாவில் நடுவது மே நடுவில், பனி பயம் போன பிறகு.

அங்கே சந்தையில் மதிப்பு பெரிய இளஞ்சிவப்புப் பழத்துக்குத்தான். கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருக்கிற, கெட்டியான பழங்களை அந்த அம்மா கையில்கூட எடுக்க மாட்டார். அவர் தோட்டத்தில் எப்போதும் இருந்தது மிக்காடோவும் காளை இதயமும். இதில் காளை இதயம் என்பது ஒரே ரகம் இல்லை. இதய வடிவில் பெரிதாகக் காய்க்கிற ஒரு கூட்டத்துக்கே அந்தப் பெயர். இரண்டு பேர் வைத்திருக்கும் காளை இதயம் வேறு வேறாக இருப்பது சாதாரணம். செடி மெலிந்து, இலை தொங்கிக்கொண்டு, தண்ணீர் இல்லாமல் வாடின மாதிரி தெரியும். இதய வடிவ ரகங்கள் பலவற்றுக்கு அதுதான் இயல்பு. நோய் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் விதைப் பாக்கெட்டில் பார்க்க வேண்டியது நாள் கணக்கு. ரஷ்ய, உக்ரைன் பாக்கெட்டுகளில் விதை முளைத்த நாளிலிருந்து எண்ணுவார்கள். அமெரிக்கப் பாக்கெட்டில் நாற்றை வெளியே நட்ட நாளிலிருந்து. அங்கே 110 நாள் என்று போட்டிருந்தால், நாற்று ஜன்னலில் நின்ற 50, 60 நாளைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். இது தெரியாமல் நல்ல ரகங்களைத் தாமதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது ரொம்பவே வருத்தம். அப்புறம் எஃப்1 என்று அச்சிட்டிருந்தால் அது கலப்பின விதை. பழம் அருமையாக இருக்கலாம், ஆனால் விதை எடுத்து வைத்துப் பயனில்லை.

ஸ்காபுரோ, ரொறன்ரோ

அண்ணா சொன்ன நாள் கணக்கு மிகவும் உண்மை. இங்கே மே கடைசியில் கன்று வைத்து, செப்டம்பர் முடியமுன் எல்லாம் ஆய்ந்துவிட வேண்டும். அதனால் என் பின்வளவில் பாதிக்கு மேல் இந்த ரகங்கள்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் உக்ரேனியக் குடும்பத்தோடு வேலிக்கு மேலாலே விதை மாற்றிக் கொள்வோம்.

ரகத்தை எப்படி அடையாளம் காண்பது என்று என்னிடம் பலர் கேட்பார்கள். பெயரை நம்ப வேண்டாம், கன்றையும் பழத்தையும் பாருங்கள் என்பதுதான் என் பதில். இந்த விதைகள் கை மாறிக் கை மாறி வந்தவை. பிளாக் கிரிம் என்ற கிரைமியாத் தக்காளி 1990இல் ஸ்வீடன்காரர் ஒருவர் மூலமாகத்தான் அமெரிக்க விதைச் சேமிப்பாளர்களின் பட்டியலில் வந்தது. போல் ரோப்சன் என்ற கறுப்புத் தக்காளி மொஸ்கோவில் விதை விற்ற மரீனா டனிலென்கோவிடமிருந்து போனது. சோவியத் மக்கள் கொண்டாடிய அமெரிக்கப் பாடகரின் பெயர் அது. கொஸ்மொனோட் வோல்கோவ் என்பது 1971 ஜூனில் சோயுஸ் 11 பூமிக்குத் திரும்பும்போது இறந்த மூன்று விண்வெளி வீரர்களில் ஒருவரான விளாடிஸ்லாவ் வோல்கோவின் நினைவாக வைத்த பெயர். இப்படிக் கடல் தாண்டி வரும் வழியில் எங்கேயாவது உறை மாறிப் போவது நடக்கத்தான் செய்யும்.

முதலில் இலை. சாதாரணத் தக்காளி இலையின் ஓரம் பல்லுப் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். மிக்காடோ, கலீனா போன்றவற்றில் ஓரம் வழுவழுப்பாக, உருளைக்கிழங்கு இலை மாதிரியே அகலமாக இருக்கும். கன்று நாலைந்து இலை விடும்போதே இது வடிவாகத் தெரியும். இந்தக் குணம் ஒடுங்கு குணம், அதாவது தாய், தகப்பன் இரண்டு பக்கமும் இருந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே மிக்காடோ விதையில் வெட்டு இலைக் கன்று ஒன்று வந்தால், போன வருடம் தேனீ வேறு மகரந்தம் கொண்டு வந்திருக்கிறது, அல்லது விதை கலந்து போயிருக்கிறது. அந்தக் கன்றை நான் தட்டிலேயே எடுத்துவிடுவேன்.

அடுத்தது தோல். பழுத்த பழத்தில் ஒரு விரலளவு தோலை உரித்து, உட்பக்கச் சதையை நகத்தால் வழித்துவிட்டு யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். தோல் மஞ்சளாக இருந்தால் அது சிவப்பு ரகம். நிறமே இல்லாமல் இருந்தால் இளஞ்சிவப்பு ரகம். உள்ளே சதை இரண்டிலும் அதே சிவப்புத்தான். கறுப்புத் தக்காளிகளிலும் இப்படியே: மஞ்சள் தோல் என்றால் வெளியே மண்ணிறம், நிறமில்லாத தோல் என்றால் ஊதா. கறுப்பு வருவதற்குக் காரணம், பழுக்கும்போது பச்சையம் சிதையாமல் தங்கிவிடுவது. வெட்டிப் பார்த்தால் விதையைச் சுற்றிய கூழ் பச்சையாக இருக்கும். பிளாக் கிரிம்மின் காம்புப் பக்கம் பழுத்த பின்னும் பச்சையாகத்தான் நிற்கும். அது மாறும் என்று காத்திருந்தால் பழம் குழைந்துவிடும்.

ஒஸ்லோவுக்கு அருகில், நோர்வே

சைபீரியத் தக்காளி குளிரைத் தாங்கும் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தத் தக்காளியும் உறைபனியைத் தாங்காது. அந்த ரகங்களின் பலம் வேறு: இரவு குளிர்ந்தாலும் பிஞ்சு பிடிக்கும், குட்டையாக நின்று சீக்கிரம் காய்த்து முடிக்கும். 1989இல் பில் மெக்டோர்மன் என்ற அமெரிக்க விதைக்காரர் சைபீரியாவுக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்தவற்றில் ஸாஷாஸ் அல்தாயும் கலீனாவும் உண்டு. ஸாஷாஸ் அல்தாயை நான் தொட்டியில் வளர்க்கிறேன், இங்கே அதைவிட நம்பகமானது எனக்குக் கிடைக்கவில்லை.

அடையாளம் காண மிகச் சுலபமான ரஷ்ய ரகம் வேண்டுமா? வெள்ளித் தேவதாரு என்று பொருள்படும் பெயரில் ஒன்று உண்டு. அதன் இலை நரைத்த பச்சையில் கேரட் இலை போலப் பிரிபிரியாக இருக்கும். வேறு எதனோடும் குழப்பவே முடியாது. ருசி சுமார்தான்.

ஆகஸ்ட் கடைசியில் கருகல் நோய் வருமுன் காய்களைப் பச்சையாகவே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்க வேண்டியிருக்கும். ரஷ்யாவில் முன்பெல்லாம் கம்பளி பூட்ஸுக்குள் காயைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பழுக்க வைப்பார்களாம். நான் அட்டைப் பெட்டியில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, இரண்டு பழுத்த பழத்தை நடுவில் வைக்கிறேன்.

வின்னிட்சாவில் படித்தவர்

இலை, தோல் சோதனை இரண்டும் அருமை அக்கா. மிக்காடோவின் இலை அகலம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

விதை எடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ரகம் மாறாமல் இருக்க வேண்டுமானால் பூ விரியுமுன் கொத்தை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, கிளையைத் தினமும் லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் கொத்தில் நூல் கட்டி வையுங்கள். பெரிய பழ ரகங்களில் முதல் பூ சில நேரம் இரண்டு மூன்று பூ ஒட்டின மாதிரி அகலமாக வரும். அதிலிருந்து விதை எடுக்காதீர்கள், அயல் மகரந்தம் ஏறும் வாய்ப்பு அதிகம். பழத்தை நன்றாகக் கனியவிட்டு, விதையைக் கூழோடு ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்தால் விதையைச் சுற்றிய வழுவழுப்பு கரைந்துவிடும். நல்ல விதை அடியில் தங்கும். அலசி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காய வையுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொண்டு வராது. உறையில் பெயர், வருடம், யாரிடமிருந்து வந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள்.

விதைக்கு இப்போது உக்ரைனைப் பார்ப்பவர்கள் கவனிக்க: தக்காளிக்குப் பேர் போன ஹெர்சன் பகுதியில் 2023 ஜூன் 6ஆம் தேதி ககோவ்கா அணை உடைந்த பிறகு பாசனக் கால்வாய்கள் வற்றிவிட்டன. அந்தப் பக்கத்து ரகம் யாராவது கையில் இருந்தால் சாப்பிட்டு முடித்துவிடாமல் விதை எடுத்து நாலு பேருக்குக் கொடுங்கள்.

வோல்கோகிராட் 5/95ஐ யாராவது வளர்த்திருக்கிறீர்களா? அது தாமத ரகம். ரொறன்ரோ கோடைக்குள் பழுக்குமா என்று அக்கா சொன்னால் அடுத்த மார்ச்சுக்கு நானும் போட்டுப் பார்ப்பேன்.