லோக்கல் டீமுக்கு விளம்பரம்: பேஸ்பால் அணிகளிடம் எதை எடுத்துக்கொள்ளலாம்?

திருப்பூர் பிரிண்டர்
வணக்கமுங்க. ஃப்ளெக்ஸ், பிட் நோட்டீஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். இங்கே லீக் ஆடும் ஒரு கிரிக்கெட் டீமுக்கு இந்த சீசன் விளம்பரம் முழுக்க எங்களுடையது. அமெரிக்க பேஸ்பால் அணிகள் மாதிரி செய்து கொடுங்க என்கிறார்கள். அங்கே சீசனுக்கு 162 ஆட்டம், அதில் 81 சொந்த ஊரில். அத்தனைக்கும் ஊர் ஜனத்தை எப்படி வரவைக்கிறார்கள்? நமக்கு எது எடுபடும்?

கோவைக்காரன்
ஒரே விளம்பரத்தை சீசன் முழுக்க ஓட்டுவதில்லைங்க. இன்றைக்கு எதற்கு வரவேண்டும் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்று வைப்பார்கள். ஒரு நாள் முதலில் வருபவர்களுக்குத் தொப்பி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் குழந்தைகள் மைதானத்தில் இறங்கி ஓடலாம், இப்படி. 1999ல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி தங்கள் பழைய நட்சத்திர வீரர் வில்லி மேஸ் உருவத்தில் தலையாட்டி பொம்மை கொடுத்தது, அப்புறம் எல்லா அணியும் பிடித்துக்கொண்டது. உங்களுக்குப் பொம்மை எதற்கு? காதர்பேட்டையில் டீ-சர்ட் எடுத்து டீம் பெயரை நீங்களே பிரிண்ட் போடுங்க. போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர்தான் விளம்பரம்.

ஈரோட்டு மஞ்சள்
வாசகத்தில் ரொம்ப கவனம் வேணுமுங்க. ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் 'ரூட்டட் இன் ஓக்லாண்ட்', எங்கள் வேர் இந்த ஊரில்தான் என்று விளம்பரம் செய்துவிட்டு, அதே நிர்வாகம் லாஸ் வேகாஸுக்குக் கிளம்புகிறோம் என்றது. 2023 ஜூன் 13 அன்று, வழக்கமாகக் காற்று வாங்கும் அந்த மைதானத்துக்கு 27,759 பேர் வந்தார்கள், டீமை விற்றுவிடு என்று முதலாளியிடம் சொல்ல. 'SELL', அதாவது விற்றுவிடு, என்று இங்கிலீஷில் அச்சடித்த பச்சை டீ-சர்ட்டை ரசிகர்களே காசு போட்டு அடித்துக் கொடுத்தார்கள். 2024 சீசனோடு டீம் ஊரை விட்டே போய்விட்டது. படிக்கும்போதே வயிறு எரிந்தது எனக்கு.

ஜப்பானில் ஹிரோஷிமா கார்ப் நேர்மாறு. 1951ல் பணமில்லாமல் டீம் மூடுகிற நிலைமை, மைதான வாசலில் பீப்பாய் வைத்தார்கள், ஊர் ஜனம் காசு போட்டுக் காப்பாற்றியது. 1975ல் முதல் லீக் பட்டம். உங்கள் டீமும் ஊர்ப் பள்ளிப் பையன்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்கட்டும், அதைப் போட்டோ எடுத்து ஃப்ளெக்ஸ் போடுங்க. செய்யாததை அச்சடிக்காதீங்க.

திருப்பூர் பிரிண்டர்
ரொம்ப நன்றிங்க. பையன்களுக்குப் பயிற்சி பற்றி நாளைக்கே டீமிடம் பேசுகிறேன். இங்கே சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு, அதனால் சனி சாயங்காலம் பனியன் கம்பெனி வாசல்களில் நோட்டீஸ் கொடுத்தால் சரியாக இருக்கும். பீகார், ஒடிசா தொழிலாளர்களும் நிறைய, அவர்களில் கிரிக்கெட் பார்க்காத ஆளே கிடையாது. இந்தியிலும் ஒரு பக்கம் அடிக்கலாம் என்றிருக்கிறேன்.

கோவைக்காரன்
கண்டிப்பா அடிங்க. பஸ் நம்பரும் போடுங்க.