தையல் மெஷினா, வீட்டு அட்வான்ஸா? அடி தாங்காமல் வெளியே வந்த பெண்களுக்கு எதைக் கொடுப்பது?

நொய்யல்காரன்:
திருப்பூரில் நாங்கள் பள்ளி நண்பர்கள் சிலர் வருடா வருடம் பணம் சேர்த்து யாருக்காவது உதவுகிறோம். இந்த முறை, புருஷனின் அடிக்குத் தப்பிப் பிள்ளைகளோடு வெளியே வந்த பெண்களுக்கு என்று முடிவாகியிருக்கிறது. ஆளுக்கொரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஊரே மெஷினில்தான் ஓடுகிறது. பனியன் கம்பெனி வாசலில் ‘சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர் தேவை’ என்ற போர்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை. தையல் தெரியாவிட்டாலும் கைமடி என்கிற உதவியாள் வேலை, செக்கிங் என்று ஏதாவது கிடைத்துவிடும். கிடைக்காதது வீடு. லைன் வீட்டுக்குக்கூட அட்வான்ஸ் வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனாலும், ‘வீட்டுக்காரர் எங்கே வேலை செய்றாரு?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அட்வான்ஸும் முதல் சில மாத வாடகையும் கொடுக்கலாம் என்கிறேன். உங்கள் கருத்து?

கணக்குப்பிள்ளை:
வாடகை கரைந்துவிடும், மெஷின் நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கம்பெனிக்கு லீவு போட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. வீட்டில் மெஷின் இருந்தால் நாலு ஜாக்கெட் தைத்தாவது சமாளிக்கலாம். இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இப்படி வெளியே வருபவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அப்போது அந்த அட்வான்ஸ் யார் கைக்குப் போகும்? புருஷன் கைக்குத்தான்.

மலர்க்கொடி:
கணக்குப்பிள்ளை அண்ணா, அந்தப் பாதிக் கணக்கை எங்கே எடுத்தீர்கள்? நானும் வெளியே வந்தவள், திரும்பிப் போகாதவள். ஆனால் போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிகளில் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் விழும். கணக்கு தொடங்கும்போது கொடுத்த நம்பர் புருஷனுடையது. ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எந்த இடம் என்பதோடு மெசேஜ் அவன் போனுக்குப் போகும். இவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தேடவே வேண்டாம். ஆதாரிலும் அதே நம்பர் என்றால் ஓடிபியும் அவனுக்குத்தான். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து நம்பரை மாற்றலாம், பழைய நம்பர் தேவையில்லை. இதை அவளுக்கு யார் சொல்கிறார்கள்? மெஷினோ அட்வான்ஸோ அப்புறம். முதலில் ஒரு புது சிம், ஆதார் மையத்துக்குக் கூடப் போக ஓர் ஆள்.

ஓய்வுபெற்ற வக்கீல்:
இரண்டு தரப்புமே ஓர் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். அந்தப் பெண் ஏன் வெளியே போக வேண்டும்? 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வாழ்ந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையைத் தருகிறது. 19ஆவது பிரிவின்படி கணவனை வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், அல்லது வேறு வீடு பார்த்து வாடகை கொடுக்கச் சொல்லலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மனு அவர் வழியாகப் போகும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. புருஷன் கொடுக்க வேண்டிய வாடகையை நீங்கள் ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
அப்படிச் சொல்லுங்கள் ஐயா. வாடகையைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும், பிழைப்புக்கு மெஷினை நாம் கொடுப்போம்.

மலர்க்கொடி:
வக்கீல் ஐயா, அதே 19ஆவது பிரிவில், பெண்களை வீட்டைவிட்டு வெளியேற்றி உத்தரவு போடக் கூடாது என்றும் இருக்கிறதே. புருஷன் போவான், மாமியாரும் நாத்தனாரும் இருப்பார்கள். அந்தச் சமையலறையில் போய் நின்று ஒரு டீ போட்டுப் பாருங்கள், தெரியும். அதுவும் சொந்த வீடாக இருந்தால்தான். எங்களுடையது அவர் பெயரில் எடுத்த லைன் வீடு. நான் அம்மா வீட்டுக்குப் போன வாரமே காலி செய்து, அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மனு கொடுத்தால் முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். என் வழக்கில் பிள்ளை ஒரு வகுப்பு தாண்டியும் வாய்தா ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற வக்கீல்:
வீட்டின் மீதுள்ள உரிமையைக் கோர்ட் அனுமதி இல்லாமல் கணவர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கவும் அதே பிரிவில் இடமிருக்கிறது. 23ஆவது பிரிவில் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தாமதம் உண்மை, மறுக்கவில்லை. அதற்காக உரிமையைக் கேட்காமல் விட்டால், நாளைக்கு ஜீவனாம்சம் கேட்கும்போதுதான் இழப்பு தெரியும். மனு செய்த தேதியிலிருந்துதான் அது கணக்காகும்.

நொய்யல்காரன்:
மனு போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லைங்க. போட்ட அன்று ராத்திரி அவரும் பிள்ளைகளும் எங்கே படுப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, ஆனால் அங்கே தங்குவது சில நாட்களுக்குத்தான். காப்பகம் என்றால் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான உதவித்தொகைக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், பிரிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டில் பிரிவுச் சான்று வேண்டும். 2023இல் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள், நல்லதுதான். நேற்று வெளியே வந்த 26 வயதுப் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? முதல் வருடத்துக்கு என்று எதுவுமே இல்லை. நம்முடைய சின்னப் பணம் அந்தப் பள்ளத்தில்தான் விழ வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
விழுந்தால் எழுந்து வருமா என்பதுதான் என் கவலை. சரி, ஒரு பேச்சுக்கு அட்வான்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் குழுவின் பெயரில் போடுங்கள். வீட்டு ஓனருக்கும் நம்பிக்கை, பணமும் பத்திரம். அம்மணி இதையாவது ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

மலர்க்கொடி:
மாட்டேன் அண்ணா. ஒப்பந்தம் அவள் பெயரில்தான் இருக்க வேண்டும். ஆதாரில் முகவரி மாற்ற, கேஸ் இணைப்பு வாங்க, எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம்தான். உங்கள் குழுவின் பெயரில் போட்டால், ஒரு வீட்டுக்காரரிடமிருந்து தப்பி வந்தவளுக்கு இன்னொரு வீட்டுக்காரரைக் காட்டிவிடுகிறீர்கள். வீட்டு ஓனருக்கு நம்பிக்கை வேண்டுமென்றால் உங்களில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் பள்ளிக்கூடம். ‘அப்பா கையெழுத்து இல்லாமல் டி.சி. தர மாட்டோம்’ என்பார்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்பதற்காக அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. முதல் நாள் யாராவது கூடப் போய் இதைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னால் போதும்.

கணக்குப்பிள்ளை:
சாட்சிக் கையெழுத்து சரி. அட்வான்ஸ் திரும்பாது என்று குழுவில் எழுதி வைத்துவிட்டுக் கொடுங்கள், பிறகு ஆளாளுக்குக் கேட்கக் கூடாது. ஆனாலும் எல்லாப் பணத்தையும் வாடகையில் போடுவதற்கு என் ஓட்டு இல்லை. பாதியாவது மெஷினுக்கு ஒதுக்க வேண்டும்.

நொய்யல்காரன்:
மெஷின் வேண்டுமா என்று முதலில் அவர்களிடம் கேட்போம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாக்கெடுப்பு. வக்கீல் ஐயா, மனுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க நீங்கள் வர முடியுமா?

ஓய்வுபெற்ற வக்கீல்:
வருகிறேன். திருமண அழைப்பிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, எது கைவசம் இருக்கிறதோ அதை எடுத்துவரச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் வரட்டும்.