நாளை ஓட்டு: எங்கள் குடும்பக் குழுவில்

18 பிப்ரவரி 2022, வெள்ளி

பெரியப்பா (இரவு 7:40): நாளை சென்னை மாநகராட்சித் தேர்தல். எல்லோரும் பூத் சிலிப் வாங்கிவிட்டீர்களா? காலை 7 மணிக்கு ஆரம்பம், மாலை 6 வரை. கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. நீங்கள் 5 மணிக்குள் போய் வந்துவிடுங்கள்.

அத்தை (7:46): எனக்கு வந்துவிட்டது அண்ணா. பெண்களுக்குத் தனிப் பூத் என்று போட்டிருக்கிறது. அவருக்கு வேறு பூத்.

அத்தான் (7:52): ஒன்று கேட்கிறேன் மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேயரை நாம் தேர்ந்தெடுக்கப் போவதே இல்லை. கவுன்சிலர்கள்தான் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். யார் மேயர் என்றே தெரியாமல் ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது? லீவு நாள், நான் போவதாக இல்லை.

பெரியப்பா (8:05): மாப்பிள்ளை, அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 1996-இல் மேயருக்கு ஒரு சீட்டு, கவுன்சிலருக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாகக் குத்தினோம். ஸ்டாலின் மேயரானார். 2001-இலும் அப்படியேதான். 2006-இல் கவுன்சிலர்கள் வாக்களித்து மா. சுப்பிரமணியன் வந்தார். 2011-இல் மறுபடி நேரடி, சைதை துரைசாமி. இப்போது திரும்பவும் மறைமுகம். சட்டத்தை இப்படி மாற்றிக்கொண்டே இருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஊருக்குத் தலைவரை ஊர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அதற்காக வீட்டில் உட்கார்ந்தால், கையில் இருக்கிற கவுன்சிலர் ஓட்டும் போய்விடும். மேயரை முடிவு செய்யப் போகிறவரையாவது நாம் முடிவு செய்ய வேண்டாமா?

அக்கா (8:09): நானும் இதைத்தான் காலையிலிருந்து இவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் பெரியப்பா. 2016 அக்டோபரோடு கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிந்தது. அப்போது நடக்க வேண்டிய தேர்தலும் கோர்ட்டில் நின்றுபோனது. அதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரி நிர்வாகம்தான். நம் குட்டி பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரு கவுன்சிலரே கிடையாது!

அக்கா (8:11): நவம்பர் மழையில் எங்கள் தெரு முனையில் வடிகால் மூடி உடைந்துபோனது. மேலே தண்ணீர் நின்றதால் பள்ளமே தெரியவில்லை. இஸ்திரி வண்டிக்காரர் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு, அதில் சிவப்புத் துணியைக் கட்டினார். யாரும் விழாமல் தப்பித்தது அவரால்தான். இதையெல்லாம் யார் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வது?

அத்தான் (8:15): 2015 வெள்ளத்தில் கவுன்சிலர் இருந்தாரே. வேளச்சேரியில் தண்ணீர் வராமல் இருந்ததா?

அத்தை (8:21): அந்த வெள்ளத்தை எந்தக் கவுன்சிலராலும் நிறுத்தியிருக்க முடியாது மாப்பிள்ளை. ஆனால் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார். அம்பத்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது ஆபீஸுக்கு நடந்தே போய்க் கேட்போம். 2011-இல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 155 வார்டு 200 ஆனது, பரப்பு 426 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய ஊரில் என் தெரு விளக்கு எரியாதது யாருக்குத் தெரியும்? வார்டில் இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

நான் (8:26): இன்னொன்றும் இருக்கிறது. இந்த முறை சென்னை மேயர் பதவி பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1688-இல் தொடங்கிய மாநகராட்சி. இதுவரை தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் என்று இரண்டே பெண் மேயர்கள். தலித் பெண் ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

அம்மா (8:30): அதைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஜெயித்தவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, புருஷன் கவுன்சிலர் மாதிரி சுற்றக் கூடாது. ஓட்டுக் கேட்டு வந்த பெண்ணிடம் அதைத்தான் சொன்னேன். "நீயே வரணும்மா" என்றேன். தலையை ஆட்டினாள்.

பெரியப்பா (8:33): சரியாகச் சொன்னாய். எல்லோரும் அடையாள அட்டையை எடுத்து வையுங்கள்.

19 பிப்ரவரி, சனி

அத்தை (காலை 8:10): போட்டாச்சு 👍

அம்மா (9:25): நாங்களும்.

அத்தான் (மாலை 3:50): போட்டுவிட்டேன் மாமா. வரிசையே இல்லை.

பெரியப்பா (3:58): ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. வரிசை இல்லை என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

22 பிப்ரவரி, செவ்வாய்

நான் (இரவு 8:05): 200 வார்டில் தி.மு.க. மட்டும் 153. மேயரும் அவர்கள்தான்.

பெரியப்பா (8:12): யார் ஜெயித்தாலும் சரி, வேலை நடக்கட்டும். என்னால் தாங்க முடியாதது ஓட்டு சதவீதம். மாநிலம் முழுக்க சுமார் 61, சென்னையில் சுமார் 44. பாதிப் பேருக்கு மேல் வரவில்லை. தண்ணீர் நின்றால் மட்டும் எல்லோரும் தெருவுக்கு வருகிறோம்.

4 மார்ச், வெள்ளி

நான் (பகல் 12:20): பிரியா மேயராகிவிட்டார்! போட்டியே இல்லை. 28 வயதுதான், 74-வது வார்டு.

பெரியப்பா (12:24): திரு.வி.க. நகர்ப் பக்கம், நம் வட சென்னைப் பெண். நன்றாக வர வேண்டும்.

அத்தான் (12:41): மாமா, எங்கள் வார்டு கவுன்சிலர் நம்பர் கிடைத்துவிட்டது. வடிகால் மூடிக்காக ஃபிளாட்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று இருக்கிறோம். மனுவை யார் பேருக்கு எழுதுவது?

பெரியப்பா (12:47): கவுன்சிலர் பேருக்கு எழுதி, நகலை மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். வேளச்சேரி அடையாறு மண்டலத்தில் வரும், 13-வது. வார்டு எண், தெரு பேர், எந்த வீட்டுக்கு எதிரே என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். போட்டோவையும் சேர்த்துக் குத்துங்கள். அப்புறம், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்களிடம் கையெழுத்து வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.