விறகு பிளக்கும் மெஷின்: 7 டன் போதவில்லை, எத்தனை டன் வாங்கலாம்?

தோட்டத்துவீடு:
வணக்கம். வீட்டு விறகுக்காக 7 டன் விசையோடு தள்ளும் மின்சார மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன், படுக்கைவாட்டில் வேலை செய்வது. தள்ளுதண்டு கட்டையை ஆப்பு வரைக்கும் கொண்டுபோகிறது, அழுத்துகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. மோட்டார் முனகுகிறது. இதை விற்றுவிட்டுப் பெரிதாக வாங்கப்போகிறேன். 12 டன்னா, 16 டன்னா, 22 டன்னா? அவசரம், மழைக்கு முன்னால் அடுக்கியாக வேண்டும்.

கணுக்கட்டை:
என்ன மரம்? குறுக்களவு என்ன? நீளம்? பச்சையா, காய்ந்ததா? வருடத்துக்கு எவ்வளவு விறகு வேண்டும்? காலைப் பார்க்காமல் செருப்புக்கு எப்படி அளவு சொல்வது?

மின்னல்:
எக்ஸ்டென்ஷன் வயர் போட்டிருக்கிறீர்களா? நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். 230 வோல்ட்டில் 2,200 வாட் மோட்டார் என்றால் 10 ஆம்பியருக்குக் குறையாது, கிளம்பும்போது அதுவே பல மடங்கு. 30 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மி.மீ. வயர் போட்டால் ஓடும்போதே 10 வோல்ட் விழும். மோட்டார் முனகாமல் என்ன செய்யும்?

கோடாலிப்பிரியன்:
மெஷினே எதற்கு? 3 கிலோ பிளவுக் கோடாலி, இரண்டு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி. கரண்ட் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். நான் இருபது வருடமாக இப்படித்தான்.

கணுக்கட்டை:
உங்கள் தோள்பட்டை இருபது வருடம் தாங்கியதற்கு வாழ்த்துகள்.

பழைய மெக்கானிக்:
இதைப் பற்றி எத்தனை முறை எழுதுவது? தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. தம்பி, டன் என்பது ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும் எண். சிலிண்டரின் உள்விட்டத்தையும் பம்பின் அழுத்தத்தையும் கேட்டு வாங்கிக் கணக்குப் போட வேண்டும். 10 செ.மீ. உள்விட்டம் என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. 200 பார் அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் 204 கிலோ. பெருக்கினால் 16 டன். அதே அளவு சிலிண்டருக்கும் அழுத்தத்துக்கும் ஒருவர் 22 என்று எழுதி விற்றால் மீதி 6 டன் பெயிண்டில் இருக்கிறது.
அப்புறம், டன் கூடினால் வேகம் கூடாது. வேகம் பம்ப் தரும் எண்ணெயின் அளவில் இருக்கிறது. இரண்டு நிலை பம்பாகப் பாருங்கள்: கட்டையைத் தொடும்வரை நிறைய எண்ணெய், குறைந்த அழுத்தம், முட்டியதும் கொஞ்சம் எண்ணெய், முழு அழுத்தம்.

தோட்டத்துவீடு:
யூகலிப்டஸ். போன வருடம் வெட்டியது. குறுக்கே ஒரு முழம் இருக்கும்.

கணுக்கட்டை:
யார் கை முழம்?

தோட்டத்துவீடு:
டேப் வைத்துப் பார்த்தேன், 38 செ.மீ. வயர் எதுவும் இல்லை, சுவர் பிளக்கிலேயே நேராகப் போட்டிருக்கிறேன்.

மின்னல்:
அப்படியென்றால் வீட்டு வயரிங்கையே பாருங்கள்.

கணுக்கட்டை:
38 செ.மீ. யூகலிப்டஸ், அதுவும் காய்ந்தது! இழை ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும் மரம். வெட்டிய சில நாளிலேயே பிளந்திருக்க வேண்டும். 7 டன் மெஷின்களுக்குப் பொதுவாக 25 செ.மீ. வரைதான் சொல்லியிருப்பார்கள். நடுவில் பிளக்கப் பார்க்காமல் ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகச் சீவி எடுங்கள். கிளை பிரியும் கவட்டை இருந்தால் அதற்கு எதிர்முனையிலிருந்து ஆரம்பியுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள், எண்ணெய் சூடாகிவிடும். கட்டையைத் திருப்பி வைத்து மறுபடி முயலுங்கள்.

சுழல்சக்கரம்:
எண்ணெய் அழுத்தத்தில் தள்ளும் இந்த ஹைட்ராலிக்கை விடுங்கள். கனமான சக்கரத்தைச் சுழலவிட்டு, அந்த வேகத்தில் அடித்துப் பிளக்கும் மெஷின் இருக்கிறது. ஒரு அடிக்கு 3 விநாடிதான். ஹைட்ராலிக் 15 விநாடி நகர்ந்துகொண்டிருக்கும்.

பழைய மெக்கானிக்:
பின்னிய இழையில் அது அடித்து நின்றுவிடும். நேர் இழை மரத்துக்குச் சரி.

சுழல்சக்கரம்:
நின்றால் இன்னொரு அடி. ஹைட்ராலிக்கில் இரண்டு கையையும் பட்டனிலும் லீவரிலுமே வைத்திருக்க வேண்டியிருக்கிறதே, அதைவிடப் பரவாயில்லை. என்னுடைய பழைய மெஷினில் லீவரைக் கயிற்றால் கட்டிவிட்டு ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொள்வேன்.

கணுக்கட்டை:
ஐயா, ஒரு கை பட்டனில், ஒரு கை லீவரில் என்று வைத்திருப்பதே கை நடுவில் போகக் கூடாது என்பதற்குத்தான்.

சுழல்சக்கரம்:
எனக்குப் பத்து விரலும் இருக்கின்றன.

மின்னல்:
இன்றைக்கு இருக்கின்றன.

கோடாலிப்பிரியன்:
கோடாலியில் இந்தப் பிரச்சினையே இல்லை.

கணுக்கட்டை:
கோடாலியில் கால் விரல். தயவுசெய்து யாரும் லீவரைக் கட்டாதீர்கள், புதிதாக வருபவர்களும் இதைப் படிப்பார்கள்.

எண்ணெய்ச்சட்டை:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. தோட்டத்துவீடு, சின்னக் கட்டையையாவது பிளக்கிறதா? 15 செ.மீ. நேர்க்கட்டையிலும் நிற்கிறதா? நிற்கிறது என்றால் டன்னும் இல்லை, மரமும் இல்லை. எண்ணெய்த் தொட்டிப் பக்கம் காற்று வெளியேறும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். வேலை தொடங்கும்போது அதைச் சில சுற்று தளர்த்த வேண்டும், காற்று போய்வரும் அளவுக்கு. எடுத்து வைக்கும்போது மூட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் ஒழுகும். மூடியபடியே ஓட்டினால் உள்ளே அடைபட்ட காற்று அமுங்கி அமுங்கி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலைக் கெடுத்துவிடும்.

பழைய மெக்கானிக்:
அதெல்லாம் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைக்கூடத் திறக்காமலா கேட்டிருப்பார்?

தோட்டத்துவீடு:
திறக்கவில்லை. சின்னக் கட்டையிலும் நின்றது. ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், புஸ்ஸென்று காற்று வந்தது. இப்போது 20 செ.மீ. வரை பிளக்கிறது. பெரியதை ஓரமாகச் சீவுகிறேன். நன்றி. தண்டைச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெய் தெரிகிறது, அது எப்போதும் இருப்பதுதானா?

எண்ணெய்ச்சட்டை:
இல்லை. துடைத்துவிட்டுப் பத்து கட்டை பிளந்து பாருங்கள். மறுபடி ஈரமாகிறதா? எத்தனை நாள் அந்த ஸ்க்ரூ மூடியே இருந்தது?

எண்ணெய்ச்சட்டை:
தோட்டத்துவீடு, இருக்கிறீர்களா?

சுழல்சக்கரம்:
விறகு அடுக்கப் போய்விட்டார்.